அவள் மொழியில் அதற்கு வேறு அர்த்தம்

அம்மா,

நேற்று தங்கச்சி, பகலில் போகும் டே சென்டரிலிருந்து ஒரு கடதாசிப் பொம்மையைக் கொண்டு வந்து பிரிட்ஜ் கதவில் ஒட்டினாள். உள்ளங்கையளவு. பச்சைக் கார்டிகன், வட்டக் கண்ணாடி, சற்றுக் குனிந்த தோள். அவள்தான் அது. அங்கே செய்த ஏழு நிமிட அனிமேஷன் படத்தில் அவளாக வரும் பொம்மை. இன்று காலை பால் எடுக்கப் போய் அதைப் பார்த்ததும் பாலை மறந்து இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். உங்களை விட்டால் யாரிடம் சொல்வேன்?

அவள் படத்தில் வரச் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டவள் நான்தான். முகம் வராது, குரல் மட்டும்தான், நட்பைப் பற்றிய படம் என்றார்கள். போன சனிக்கிழமை இங்கே லண்டனில், லூயிஷாமில் ஒரு மண்டபத்தில் போட்டுக் காட்டியபோதுதான் தெரிந்தது, அது காதல் படம். முப்பத்திரண்டு வயதில் நம் பிள்ளைக்குக் காதல், அம்மா.

அவளுக்குப் பத்தொன்பது வயதில், கோயில் தேரன்று, அன்னதான வரிசையில் யாரோ ஒரு பையனின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாளே, ஞாபகமா? ஓடிப்போய் இழுத்து வந்தீர்கள். காரில் வைத்து, "அவளுக்கு ஒண்டும் விளங்காது. ஆரும் ஏதும் செய்தாச் சொல்லவும் தெரியாது. நான் இல்லாட்டி நீதான் பிள்ளை பாக்கோணும்" என்றீர்கள். பிறகு ஒரு வருடம் அவளைக் கோயில் பக்கமே கூட்டிப் போகவில்லை. அப்போது உங்கள்மேல் எனக்குச் சரியான கோபம். இப்போது நானே அவளுடைய போனை நோண்டிப் பார்க்கிறேன்.

படத்தில் இரண்டு பொம்மைகள், வீட்டுக்குக் கூட்டிப்போகும் வான் வண்டி வரும்வரை கைகோத்து நிற்கின்றன. மற்றப் பொம்மை அதே சென்டருக்கு வரும் ஒருவன். அவனும் அவளைப் போலத்தான், எல்லாம் மெதுவாகத்தான் விளங்கும். ஜமேக்கக் குடும்பம். காதலை அவளிடம் எப்படிச் சொல்வாய் என்று ஒரு குரல் கேட்கிறது. "போட்டு வாறன்" என்கிறான் அவன், தமிழில்! அவள் மொழியில் அதற்கு 'ஐ லவ் யூ' என்று அர்த்தமாம். தினமும் வண்டியில் ஏறும்போது அவன் கையைப் பிடித்து அவள் அதைத்தானே சொல்கிறாள். 'போறன்' என்று சொல்லக்கூடாது, போய்விட்டு வருகிறேன் என்றுதான் சொல்லவேண்டும் என்று நீங்கள் பழக்கியது.

எனக்குச் சிரிப்பு வந்தது. உடனே பயமும் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும்போது நீங்களும் அதைத்தான் சொன்னீர்கள். நீங்கள் திரும்பி வரவேயில்லை. மூன்று மாதம் அவள் உங்களுக்காக வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். இவனும் போய், வராமல் விட்டால்?

இருட்டில் அவள் என் கையைப் பிடித்தாள். "பயப்பிடாதேங்கோ அக்கா. படம்தானே" என்றாள். வெளியே வந்ததும், "நாங்கள் ரெண்டுபேரும் ஒரு வீட்டில இருக்கப்போறம். கவுன்சில் அன்ரி செவ்வாய்க்கிழமை வாறா" என்றாள். விசாரித்தேன், உண்மைதான். கவுன்சில் ஒழுங்கு செய்யும், உதவிக்கு ஆள் உள்ள வீடு. என்னுடைய எண்ணத்தையும் கேட்பார்களாம்.

காஸ் அடுப்பு, தெருவில் கேலி செய்கிறவர்கள், அவன் மனம் மாறினால் என்ன ஆகும் என்ற கேள்வி. யோசித்து யோசித்துச் சோறு இறங்கவில்லை. ஏலாது, விடமாட்டேன் என்று சொல்லத்தான் வாயில் வருகிறது.

ஆனால் ஓம், போகட்டும் என்றுதான் சொல்லப்போகிறேன். என்னைத் திட்டாதீர்கள். நீங்கள் பயந்தது ஒன்றும் பொய்யில்லை, அம்மா. அந்தப் பயம் முழுவதும் என்னிடமே இருக்கட்டும். அவளுடைய உடுப்புப் பெட்டியில் அதை வைத்து அனுப்பமாட்டேன்.