எங்கள் பிளாஸ்டிக் படங்கும் பத்மலோசனி அம்மையாரின் சாக்கும்

அனுப்புநர்:
வீ. தங்கராஜு,
வாட்டுத் தளத் தொழிலாளி, தேயிலை ஆலை,
மூன்றாம் லயம், சுங்கை மெலூர் தோட்டம்,
ரிங்லெட், கேமரன் மலை, பகாங்.

பெறுநர்:
உயர்திரு தொழிலாளர் இலாகா அதிகாரி அவர்கள்,
கேமரன் மலை வட்டாரம், பகாங்.

பொருள்: கொழுந்து எடுக்கும் பெண்களிடமிருந்து பறிக்கப்பட்ட பிளாஸ்டிக் படங்குகளைப் பெருமழைக்கு முன் மீட்டுத்தர வேண்டி.

மதிப்புமிக்க ஐயா,

1. புகாருக்குள் நுழையும் முன் ஒரு வெட்கக்கேட்டை நானே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கோலாலம்பூரில் ஒரு மண்டபச் சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள், ஏறக்குறைய கதவளவு பெரிதாக்கி மாட்டப்பட்டிருக்கும் புகைப்படத்தில் உள்ள பின்புறம் என்னுடையது. அதில் நான் கோதுமை மாவு மூட்டைத் துணியில் தைத்த அரைக்கால் சட்டை அணிந்து, குனிந்து, வாய்க்காலில் அடைப்பெடுத்துக்கொண்டிருக்கிறேன். நிகர எடை இத்தனை இராத்தல் என்ற ஆங்கில எழுத்து, இருக்க வேண்டிய இடத்தில் தெளிவாக விழுந்திருக்கிறது. அடியில் 'பசுமை வாழ்வின் முன்னோடி' என்று எழுதியிருக்கிறார்களாம். நகரத்தில் பஸ் கண்டக்டராக இருக்கும் என் மனைவியின் தம்பி சிவசாமி அதைப் பார்த்துவிட்டு வந்து, லயத்து வீடுகளெல்லாம் கேட்கும்படி அறிவித்தான்: "மச்சான், மூஞ்சி தெரியல. ஆனா பார்த்ததும் புரிஞ்சிடிச்சி, ஆளு நீங்கதான்லா!"

2. படம் பிடித்தவர் திருமதி பத்மலோசனி அம்மையார். கோலாலம்பூர் வழக்கறிஞர் ஒருவரின் துணைவியார். 'இயற்கை உடை, எளிய வாழ்வு மன்றம்' என்ற அமைப்பின் தலைவி. சென்ற ஜூலையில் தோட்டத்துத் துரையின் விருந்தினராக மலைக்கு வந்தார். ஆலை வாசலில் எங்களை உட்கார வைத்து, நகரத்தில் பரவிவரும் புது நாகரிகத்தை விளக்கினார். கிழிந்ததை எறியாமல் தைத்து உடுத்த வேண்டுமாம். கடைக்குத் துணிப்பை கொண்டுபோக வேண்டுமாம். காலி பால் டின்னை வீசாமல் ஏதாவது ஒரு காரியத்துக்கு வைத்துக்கொள்ள வேண்டுமாம். எங்கள் லயத்தில் பால் டின்னில் தேநீர் குடித்தபடியே இதைக் கேட்டோம். நாங்கள் ஞானிகள் என்று பெருமை பேச வரவில்லை, ஐயா. கண்ணாடிக் குவளை வாங்க வழியிருந்தால் அன்றே டின்னைத் தூக்கிக் கிடாசியிருப்போம். ஆயினும் அம்மையார் கண்கலங்கி, "நீங்கதான் எங்களுக்கு குரு" என்றார். குருவுக்குத் தட்சிணை கொடுப்பார்கள் என்றுதான் நானும் எண்ணினேன்.

3. தட்சிணை ஆகஸ்டில் லோரியில் வந்தது. கொழுந்து எடுக்கும் பெண்கள் ஒவ்வொருவருக்கும் சணல் சாக்கில் தைத்த ஒரு மேலங்கி. தேயிலைத் தூளைக் கொதிக்க வைத்து அந்தச் சாற்றிலேயே சாயம் ஏற்றியதாம். நெஞ்சில் இரண்டு இலையும் ஒரு மொட்டும் பச்சை நூலில் பூவேலை. இடுப்பில் கட்டும் பிளாஸ்டிக் படங்கை விட்டுவிட்டு இனி இதை அணிய வேண்டும் என்பது மன்றத்தின் எண்ணம்.

4. தாங்கள் அலுவலகத்தில் இருப்பவர்; படங்கு என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். தேயிலைச் செடி இடுப்பளவு உயரம். காலைப் பனி வெயில் ஏறும்வரை இலையில் நிற்கும். அந்தச் செடிகளை உரசிக்கொண்டே நாள் முழுதும் நடக்கிற பெண்ணுக்கு மழை மேலிருந்து வருவதில்லை, பக்கவாட்டில் வருகிறது. ஆகவே இடுப்பிலிருந்து கணுக்கால்வரை தடித்த பிளாஸ்டிக் ஒன்றைச் சுற்றிக் கயிற்றால் இறுக்கிக் கட்டுவார்கள். அதுதான் படங்கு. அழகில்லாதது, நடந்தால் அப்பளம் நொறுக்குவதுபோல் சத்தம் போடும். ஆனால் உள்ளே இருக்கிறவள் நனையமாட்டாள்.

5. இங்கேதான் எங்கள் தரப்பில் ஒரு பிழை நேர்ந்தது; மறைக்கவில்லை. மன்றத்தார் அங்கிகளை மடித்துக் கட்டாகக் கொடுத்துவிட்டுப் போனார்கள். எப்படி அணிவது என்று காட்டவில்லை. எங்கள் லயத்தில் சாக்கு என்றால் அதற்கு ஒரே இடம்தான் உண்டு: வாசற்படி. மலைச் சேற்றில் நடந்து வருகிற கால் அதில் துடைத்த பிறகே உள்ளே வரும். ஓரம் அடித்து, சாயம் போட்டு, பூவேலையும் செய்த சாக்கு கிடைத்ததும், "துரை இந்த வருஷம் தீபாவளிக்கு முன்னாடியே கால்மிதி கொடுத்துட்டாரு" என்று எங்கள் பெண்கள் மகிழ்ந்துபோனார்கள். மறுநாள் மூன்றாம் லயத்தில் வாசலுக்கு வாசல் இரண்டு இலையும் ஒரு மொட்டும் கிடந்தன.

6. செப்டம்பர் தொடக்கத்தில் அம்மையார் மறுபடி வந்தார். முன்னோடியின் இல்லத்தைப் பார்க்க வேண்டும் என்று நேரே என் வீட்டுக்கு வந்தார். என் மனைவி திருமதி வடிவம்மாள், விருந்தாளி வந்த பரபரப்பில், "நல்லா துடைச்சிட்டு வாங்கம்மா, வெளியே ஒரே சேறு" என்று வரவேற்றார். அம்மையாரும் மரியாதைக்கு இரு காலையும் நன்றாகத் துடைத்தார். பிறகு எதேச்சையாகக் கீழே பார்த்தார். அந்த முகத்தை நான் விவரிக்கப் போவதில்லை. நிலைமையைச் சரிசெய்யும் நோக்கத்தில், "ரொம்ப உழைக்குதும்மா, கிழியவே இல்ல" என்று நான் பாராட்டியது காரியத்தை மேலும் கெடுத்துவிட்டது என்று பிற்பாடு அறிந்தேன்.

7. அன்று மாலையே துரை பங்களாவிலிருந்து உத்தரவு வந்தது. எல்லாப் பெண்களும் சாக்கு அங்கி அணிந்தே மலைக்குப் போக வேண்டும். படங்குகள் அனைத்தையும் கங்காணி காளியண்ணன் பிடுங்கி லோரியில் ஏற்ற வேண்டும். காளியண்ணன் கெட்டவர் அல்லர். ஆனால் துரை தும்மினால் இவருக்கு மூக்கு ஒழுகும். எதிர்த்துக் கேட்ட பெண்களிடம், "சாக்கு கட்டாத பொம்பளைக்கு வேலை இல்லைன்னு சொல்லிட்டாரு. நான் என்னாலா பண்றது? வேணும்னா நானும் ஒண்ணு கட்டிக்கிறேன்" என்றார். கட்டிக்கொள்ளவில்லை.

8. படங்குகள் போன இடம் அதே கோலாலம்பூர் மண்டபம். மாலைபோல் கோத்துத் தொங்கவிட்டு, 'இயற்கையின் எதிரி' என்று எழுதியிருப்பதாகச் சிவசாமி சொல்கிறான். ஒரு சுவரில் நான் முன்னோடி. எதிர்ச் சுவரில் என் மனைவியின் படங்கு எதிரி. இருபது ஆண்டுத் தாம்பத்தியத்தில் எங்களை யாரும் இவ்வளவு பொருத்தமாக மாட்டிவைத்ததில்லை.

9. சாக்கின் குணம் தாங்கள் அறிந்ததே. காலையில் முதல் செடி நிரையிலேயே பனியைக் குடிக்கத் தொடங்கி, பத்து மணிக்குள் ஒரு சின்னப் பிள்ளையை இடுப்பில் சுமப்பதுபோல் கனக்கிறது. சாயம் இறங்கிக் கால் முழுதும் கஷாய நிறம். செடியில் மாட்டி நார் உரிந்து கொழுந்தோடு கூடைக்குள் விழுகிறது. அது என்னிடம், கொழுந்தைப் பரப்பி வாட்டும் தளத்துக்கு, வருகிறது. நான் பேன் பார்ப்பதுபோல் உட்கார்ந்து பொறுக்குகிறேன். பொறுக்கத் தவறியது துரையின் பங்களாக் கோப்பையிலேயே மிதந்ததாகவும், அதற்கும் எனக்கே ஏச்சு கிடைத்ததாகவும் பணிவுடன் பதிவுசெய்கிறேன்.

10. இந்தப் பத்தியில் நான் விளையாடவில்லை, ஐயா. என் மனைவிக்கு ஏற்கெனவே நெஞ்சு பலவீனம். முன்னொரு மழைக்காலத்தில் நிமோனியா வந்து கீழே தாப்பா ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தவர். சென்ற வாரம் ஈரச் சாக்கோடு நாள் முழுதும் நின்றுவிட்டு வந்து, அன்றிரவே காய்ச்சலில் படுத்தார். தோட்டத்து மருந்தகத்து டிரஸர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, "இன்னொரு தடவ நனைஞ்சா என்கிட்ட கூட்டிட்டு வராதீங்க, நேரா கீழ கொண்டு போயிடுங்க" என்றார். நனையாமல் கொழுந்து எடுப்பது எப்படி என்று கேட்டேன். அது தன் இலாகா இல்லை என்றார். துரையிடம் போனேன். அது மன்றத்தின் இலாகா என்றார். மன்றம் கோலாலம்பூரில் இருக்கிறது. எனவே தங்கள் இலாகாவுக்கு வந்திருக்கிறேன்.

11. காய்ச்சலுக்கு முன்தினம் அம்மையார் மூன்றாம் முறையாக, பெண்கள் சாக்கோடு நிற்பதைப் படமெடுக்க வந்தார். நல்ல மழை. கெரேத்தாவைச் சாலையோரம் நிறுத்திவிட்டு இறங்கியபோது தலையிலிருந்து முழங்கால்வரை மஞ்சள் மழைக்கோட்டு, காலில் ரப்பர் பூட்ஸ். நிரையில் ஒழுக ஒழுக நின்ற என் மனைவி, பக்கத்தில் கூடை தூக்க வந்திருந்த என்னிடம், எல்லாருக்கும் கேட்கும்படியே விசாரித்தார்: "ஏங்க, அந்தம்மா போட்டிருக்கிற கோட்டு எந்த மரத்துல காய்க்குது? கேட்டுச் சொல்லுங்க, வாசல்ல ஒரு கன்னு நடுவோம்." அம்மையார் சிரித்தபடி கேமராவைத் துடைத்துக்கொண்டார். படம் நன்றாக வந்திருக்கும்.

12. மனுதாரராகிய நான் கூரைக்குக் கீழே வேலை செய்பவன்; என்றாவது கூடை தூக்கப் போனால் தவிர நனையாதவன். நனையாத ஆள் நனைகிறவர்களுக்காக எழுதுவது முறையா என்று லயத்தில் கேட்டார்கள். "வாய் நீளமுள்ள ஆளு எழுதினா போதும், நனையுறது யாரா இருந்தா என்ன" என்று என் மனைவி தீர்ப்பளித்தார்.

ஆகவே, இம்மாதக் கடைசியில் பெருமழை பிடிப்பதற்குள், அந்தப் படங்குகளைச் சுவரிலிருந்து இறக்கி எங்கள் பெண்களின் இடுப்புக்குத் திருப்பித்தரத் தாங்கள் உத்தரவிட வேண்டும். இயலாவிட்டால், மன்றத்தாரை ஒரே ஒரு காலை, மழைக்கோட்டு இல்லாமல், அந்தச் சாக்கோடு எங்கள் நிரையில் இறக்கிவிட வேண்டும். தேநீர் எங்கள் செலவு, பால் டின்னில் தருவோம். பசுமையின் மேல் எங்களுக்குப் பகை கிடையாது. அதன் நடுவில்தான் நாள்தோறும் நிற்கிறோம். காய்ந்து நிற்க அனுமதி கேட்கிறோம், அவ்வளவே.

தங்கள் பதிலை வாசல் பார்த்து எதிர்நோக்கும்,

(ஒப்பம்)
வீ. தங்கராஜு

இடம்: சுங்கை மெலூர் தோட்டம், ரிங்லெட்
நாள்: 6.10.1986

இணைப்பு: என் மனைவியின் சாக்கு அங்கி ஒன்று, சான்றாக.

இணைப்பைப் பற்றிய குறிப்பு: மனுவோடு சேர்க்கத் தேடியபோது அங்கி வீட்டில் இல்லை. நேற்று ஞாயிற்றுக்கிழமை, காய்ச்சல் விட்டு எழுந்த என் மனைவி அதைக் கீரைக் கூடைக்கு மூடியாகப் போட்டுத் தானா ராத்தா சந்தைக்குக் கொண்டுபோயிருக்கிறார். கோலாலம்பூரிலிருந்து உல்லாசப் பயணம் வந்த பெண்மணி ஒருவர் கீரையை விட்டுவிட்டு நல்ல விலை கொடுத்து மூடியை வாங்கிப் போனாராம். இன்று காலை முதல் மற்றப் பெண்கள் யாரும் தங்களுடையதைத் துவைப்பதில்லை. கறை இருந்தால்தான் கோலாலம்பூர்ப் பெண்மணிகள் கேட்கிறார்களாம். அடுத்த லோரி எப்போது வரும் என்று காளியண்ணனிடம் விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள்.