நான் மறைத்த காய்ச்சல்

பிப்ரவரி 4, செவ்வாய்

ஜெராக்ஸ் கடையில் லீவு சொல்லிவிட்டு மறுபடி பாண்டிச்சேரி பஸ், வீட்டுக்காரர் படுத்திருக்கும் ஆஸ்பத்திரிக்கு. ஆறு மாதத்துக்கு முன் சுரங்கத்தில் செகண்ட் ஷிப்ட் முடித்து வரும் வழியில் இவர் பைக் சறுக்கியது. இடது காலில் கம்பி வைத்தார்கள். அந்தக் கம்பியில் கிருமி குடியேறிவிட்டது, காலி செய்ய மாட்டேன் என்கிறது. எந்த ஆன்டிபயாடிக்கும் கேட்கவில்லை என்று டாக்டர் தேவயானி இன்று சொல்லிவிட்டார். முழங்காலுக்கு மேலே காலையே எடுக்க வேண்டும். அதற்கு முன் ஒரே ஒரு வழி பார்க்கலாமாம்.

வீட்டுக்கு வந்தால் வாசலில் அவர் செருப்பு, ஜோடியாக.

பிப்ரவரி 6

அந்த வழி ஒரு வைரஸ்! கொரோனாவைப் பார்த்த கண் இது, வேண்டவே வேண்டாம் என்றேன். டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: "இது மனுஷ செல்லைத் தொடாதும்மா. பாக்டீரியாவுக்குள்ள மட்டும்தான் நுழையும், பெருகும், அதை வெடிக்க வச்சிட்டு வெளிய வரும். பேரு ஃபேஜ்."

ரத்தத்தில் ஏற்றினால் உடம்பு சும்மா விடுமா என்று கேட்டேன்.

"அதுதான் எனக்கும் கவலை. நமக்கு வேண்டியவன்னு உடம்புக்குத் தெரியாது. வெளியாள்னு ஒருநாள் பிடிச்சுக்கும். காய்ச்சல் வந்தா உடனே சொல்லணும். அதை வச்சுத்தான் நான் முடிவெடுக்கணும்."

தலையாட்டினேன். நன்றாகத்தான் ஆட்டினேன்.

பிப்ரவரி 7

முதல் டோஸ். ஒரு மணி நேரத்தில் கட்டிலே ஆடுகிற நடுக்கம், 103. செத்துவிடுவார் என்றே நினைத்தேன். கிருமிகள் மொத்தமாக வெடிக்கும்போது கொட்டுகிற விஷத்தோடு உடம்பு சண்டை போடுகிறதாம், எதிர்பார்த்ததுதானாம். எனக்கும் முன்னமே ஒரு வார்த்தை சொன்னால் என்ன?

பிப்ரவரி 16

சீழ் நின்றுவிட்டது. மகள் இசைப்பிரியா போனில் "கால் எப்படிப்பா இருக்கு?" என்றாள். "ஒட்டிக்கினு இருக்குது" என்றார். எத்தனை நாளைக்கு அப்புறம் சிரிக்கிறோம்.

பிப்ரவரி 21, வெள்ளி

பதினான்கு வருஷம் கான்ட்ராக்டில் ஓடியவர். இப்போது பெர்மனன்ட் லிஸ்டில் 'செங்குட்டுவன்' என்று பேர் வந்திருக்கிறது. 28-ந் தேதி நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். இந்த நேரம் பார்த்து, சாயங்காலமானால் உடம்பு கொதிக்கிறது.

"நர்சு ஆறு மணிக்கி வரும். அஞ்சுக்கே ஒரு மாத்திரை குடு. காய்ச்சல்னு எழுதிட்டா இங்கியே போட்டுருவாங்க. லிஸ்டு போயிடும், மொழி" என்று என் பேரைச் சொல்லிக் கெஞ்சினார்.

மைன்ஸில் இவர்கள் எல்லாரும் செய்வதுதான். காய்ச்சல் என்றால் ஷிப்ட் கிடையாது, அதனால் டிபன் டப்பாவோடு மாத்திரை அட்டையும் போகும். பதினான்கு வருஷமாக எடுத்து வைப்பவள் நான்தான். இன்றும் கொடுத்தேன்.

ஆறு மணிக்கு 98.8.

பிப்ரவரி 23

இன்றும் கொடுத்தேன். டாக்டர் சார்ட்டைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். தப்புதானே? தப்புதான். ஐந்து நாள் பல்லைக் கடித்துக்கொண்டால் போதும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

பிப்ரவரி 25

மாத்திரைக்கு அடங்கவில்லை. மத்தியானம் சாப்பிடும்போது தட்டு நழுவியது. "பஸ்சு வந்துடிச்சி, ஷூ எங்க?" என்று உளறினார். பிரஷர் இறங்கி ஐ.சி.யு.வில் இருக்கிறார். கதவுக்கு வெளியே டாக்டரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். திட்டுவார் என்று பார்த்தேன். சுவரில் சாய்ந்துகொண்டு, "நாலு நாளாவா?" என்று மட்டும் கேட்டார்.

ரத்தத்தைச் சோதித்தார்கள். இவர் உடம்பு ஃபேஜை எதிரி என்று அடையாளம் கண்டு, ஏற்ற ஏற்றத் துடைத்துப் போட்டிருக்கிறது. மருந்து வெறும் தண்ணீராகப் போக, கிருமி திரும்பிவிட்டது. அதற்கு முதல் தகவலே அந்தக் காய்ச்சல்தான். அதைத்தான் தினம் ஐந்து மணிக்கு நான் அமுக்கி வைத்தேன்.

நான்தான குடுத்தேன். அய்யோ, அந்தாளு கேட்டா... எனக்குப் புத்தி எங்க போச்சி?

வேறு ஜாதி ஃபேஜ் ஒன்று கைவசம் இருக்கிறதாம், இவர் ரத்தம் இன்னும் பார்க்காதது. அதை ஏற்றுகிறார்கள். இரண்டு மூன்று நாளில் தேறாவிட்டால் காலை எடுப்பார்கள். அதற்குச் சம்மதம் என்ற தாளிலும் கையெழுத்துப் போட்டேன்.

பிப்ரவரி 26

103.2. 102. 103. ஒன்று விடாமல் நானே எழுதுகிறேன்.

பிப்ரவரி 28, வெள்ளி

காலை 100.4. கண் விழித்து "இன்னா தேதி?" என்றார். பொய் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. இருபத்தெட்டு என்றேன். "சரி, வுடு" என்றார். அழுதது நான்தான்.

மார்ச் 13, வியாழன்

புது ஃபேஜ் தொடங்கிப் பதினாறு நாள். போன தடவை இந்தக் கணக்கில்தான் கெட்டது. இதையும் ரத்தம் கண்டுபிடிக்கலாம், அதற்குள் கிருமி ஒழிந்திருந்தால் கவலையில்லை என்கிறார் டாக்டர். திங்கட்கிழமை கம்பியருகே எடுத்த சாம்பிளில் கிருமி ஒன்றும் முளைக்கவில்லை. நம்பவே பயமாக இருக்கிறது.

சாயங்காலம் ஐந்து மணிக்கு இவரே நர்ஸைக் கூப்பிட்டார். "சிஸ்டர், லேசா குளுருது, எழுதிக்கிங்க." பார்த்தால் 98.4. ஃபேன் காற்றுதான்.

கிளம்பும்போது டாக்டர், "நாளைக்கு அவர் செருப்பை எடுத்துட்டு வாங்க, நடக்க விட்டுப் பார்ப்போம்" என்றார்.

எந்தக் கால் செருப்பு என்று கேட்டுவிட்டேன்.

"ரெண்டும்தாம்மா" என்றார்.