பொத்தானை அழுத்த மறந்தவர்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி எழுதுவது. கடிதம் என்றால் முதலில் நலம் விசாரிக்க வேண்டும். நீ நலமாக இல்லை என்பது இன்று காலையிலிருந்து எனக்கும் தெரியும். அதனால் அந்த வரியை விட்டுவிடுகிறேன்.

போன் செய்திருப்பேன். நீ "ஆட்டத்தைப் பாருடா" என்று சொல்லி வைத்துவிடுவாய். அதனால்தான் காகிதம். எழுதி முடித்ததும் படம் எடுத்து அத்தானுக்கு அனுப்புவேன். அத்தான், அவளால் எழுத்தைப் படிக்க முடியவில்லை என்றீர்களே, நாளைக் காலை உள்ளே கொண்டுபோவதற்கு முன்னால் நீங்களே வாசித்துக் காட்டுங்கள். உங்களைத் திட்டியிருக்கும் இடத்தை விழுங்கக் கூடாது.

ஓட்டல் அறை மேசை முழுக்கப் பயிற்சியாளர் சதுரங்கப் பலகைகளைப் பரப்பி வைத்திருக்கிறார். இஸ்திரி போடும் பலகையை விரித்து அதன்மேல் எழுதுகிறேன். அது ஆடுகிறது. கையெழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம் என்று வைத்துக்கொள்.

காலையில் அத்தானைச் சும்மாதான் அழைத்தேன். லிஃப்ட் பழுது பார்க்கிறபோது குழிக்குள் கயிற்றில் தொங்கிக்கொண்டே என்னோடு கதையடிக்கிற மனுஷன். இன்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே பேசினார். என்ன என்று கேட்டால் "ஒண்ணுமில்லடா, தூசி" என்றார். தூசிக்கு எந்த ஆம்பளை மூக்கை உறிஞ்சுவான்? நாலு அதட்டு அதட்டினேன், எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். கண் நரம்பை ஒட்டி ஒரு கட்டி. நாளைக் காலை தலையைத் திறக்கிறார்கள். போட்டி முடியும்வரை எனக்குச் சொல்லக் கூடாது என்று உத்தரவு போட்டது நீ.

நாள் முழுக்க மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவள் நீ. பார்வை மங்கியதும் பவர் மாறிவிட்டது என்று உனக்கு நீயே ஒரு கண்ணாடி செய்துகொண்டாய். அதிலும் மங்கியதும் இன்னொன்று. வேறு யாராக இருந்தாலும் முதல் வாரமே டாக்டரிடம் போயிருப்பார்கள். போன மாதம் நான் கடைக்கு வந்தபோது, புதிதாகச் செய்ததைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "இப்பப் பளிச்சுன்னு தெரியுதுடா, உன் மூஞ்சிதான் கண்றாவியா இருக்கு" என்றாய். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

சரி, ஆட்டம். உனக்குச் சதுரங்கத்தில் குதிரையை மட்டும்தான் அடையாளம் தெரியும், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். இதில் ஜெயிப்பவர்தான் உலகப் பட்டத்துக்கு மோதப்போகிறார். கடைசிச் சுற்றில் நானும் இன்னொருவரும் சமமாக முதலிடத்தில் இருந்தோம். அவருக்கு நான் மலை என்று பேர் வைத்திருக்கிறேன். உட்கார்ந்தால் அசையமாட்டார். என்னைப்போல இரண்டு பங்கு வயது. ஏற்கெனவே பட்டத்தின் வாசல்வரை வந்து திரும்பிப் போனவர். இன்று மதியம் நாங்கள் இருவரும் மோதினோம்.

ஆளுக்கு இவ்வளவு நேரம் என்று கணக்கு உண்டு. காயை நகர்த்தியதும் கடிகாரத்தின் பொத்தானை அழுத்த வேண்டும். அப்போதுதான் நம் நேரம் நின்று எதிராளியின் நேரம் ஓடும். நேரம் தீர்ந்தால் தோல்வி. இரண்டு பேருக்குமே கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது. மலை ஒரு அபாரமான நகர்வு செய்தார். தப்பித்துவிட்டோம் என்ற சந்தோஷத்தில் பொத்தானை அழுத்த மறந்துவிட்டார்.

நான் அதைச் சொல்ல வேண்டியதில்லை. விதிப்படி அது அவர் பாடு. நடுவரும் வாயைத் திறக்கக் கூடாது. நான் யோசிக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தாலே போதும், ஆட்டம் என் கைக்கு வந்துவிடும். உட்கார்ந்தேன். நெற்றியில் கைவைத்துப் பலகையை முறைத்தேன். என் முகம் கல் மாதிரி இருந்தது என்று நேர்முக வர்ணனையில் புகழ்ந்தார்களாம். மேசைக்கு அடியில் ஒரு காலால் இன்னொரு காலை மிதித்துப் பிடித்துக்கொண்டிருந்தது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்திருக்கக் கூடாது. பார்த்துவிட்டேன். தண்ணீர் குடித்தார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டார். அவ்வளவு நிம்மதி அந்த முகத்தில். பக்கத்திலேயே அவர் நேரம் போய்க்கொண்டிருக்கிறது. மண்டபம் முழுக்கத் தெரியும், அவருக்கு மட்டும் தெரியாது. போன மாதம் கடையில் பார்த்த உன் முகம் மாதிரியே இருந்தது. விரல் தானாக நீண்டு கடிகாரத்தைக் காட்டியது.

அவர் முகம் வெளுத்துவிட்டது. அழுத்தினார். பிறகு ஒரு தப்பும் செய்யவில்லை, ஆட்டம் சமனில் முடிந்தது. நாளைக் காலை எங்கள் இருவருக்கும் குறைந்த நேரத்தில் இன்னொரு ஆட்டம் வைத்திருக்கிறார்கள். அதில் ஜெயிப்பவருக்குத்தான் எல்லாம். உன்னை உள்ளே கொண்டுபோகும் அதே நேரம்.

பெருந்தன்மை என்று பத்திரிகைக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். நான் கும்பிட்டு நழுவியதை அடக்கம் என்று எழுதிக்கொண்டார்கள். காரில் ஏறியதும் பயிற்சியாளர் கதவை அறைந்து சாத்தினார். அப்புறம், "காலேஜைத்தான் பாதியில விட்டே, ஜெயிச்ச ஆட்டத்தையுமா விடுவே?" என்றார். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. மலை மட்டும்தான் உண்மையாகப் பேசினார். "உன் இடத்துல நான் இருந்தா காட்டியிருப்பேனான்னு தெரியல. ஏன் காட்டினே?" என்று கேட்டார். நேரமாகிவிட்டது என்று கிளம்பி வந்துவிட்டேன். பெருந்தன்மை எல்லாம் ஒரு மண்ணும் இல்லை அக்கா. பயம். வேறு எதுவும் இல்லை.

உன்மேல் கோபமும் இருக்கிறது. என்னையும் நீ அப்படித்தானே ஒன்றும் தெரியாமல் உட்காரவைத்திருந்தாய். நான் இங்கே காய் நகர்த்தி, கைதட்டு வாங்கி, வயிறாரச் சாப்பிட்டுத் தூங்கியிருக்கிறேன்.

கிளம்பி வந்துவிடுகிறேன் என்று அத்தானிடம் சொன்னேன். எந்த விமானம் பிடித்தாலும் எல்லாம் முடிந்த பிறகுதான் வந்து சேர்வேன் என்றார். "கண்ணு முழிச்சு உன்னை இங்க பார்த்தா என் சட்டையைத்தான் பிடிப்பா" என்றும் சொன்னார். கண் முழித்து என்ற வார்த்தையை அவர் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

அதனால் ஆடப்போகிறேன். மண்டபத்தில் போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து சேதி வந்தால் பயிற்சியாளர் தலைமை நடுவரிடம்தான் சொல்ல முடியும். அந்த அம்மாவிடம் போய்க் கேட்டேன். நல்லதோ கெட்டதோ, ஆட்டம் முடியும்வரை வாய் திறக்க மாட்டேன், விதி அப்படி என்றார். பிறகு என் தோளைத் தட்டி, "என் முகத்தைப் பார்க்காதே தம்பி" என்றார். அவர் நாற்காலி மலையின் தோளுக்குப் பின்னால் இருக்கிறது. நிமிர்ந்தால் அந்த முகம்தான். இத்தனை வருஷத்தில் ஒரு எதிராளிக்கும் நான் பயந்ததில்லை. அந்த அம்மாவின் முகத்துக்குப் பயப்படுகிறேன்.

தோற்றால் தோற்றேன். மலைக்குக் கைகொடுத்துவிட்டு வருவேன். ஜெயித்தால் நீதான் முதலில் கேட்க வேண்டும், சொல்லிவிட்டேன்.

அத்தான், இங்கே நிறுத்தித் தொண்டையைச் செருமாதீர்கள். அவளுக்குத் தெரிந்துவிடும்.

சின்னவன் பெரியவளை வாழ்த்தக் கூடாது என்பார்கள். இந்த ஒரு தடவை விட்டுவிடு. நன்றாக இரு அக்கா. நன்றாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பார்வை சரியாக வராவிட்டாலும் பரவாயில்லை, உனக்கு நான் வாசித்துக் காட்டுகிறேன், கை பிடித்துக் கூட்டிப்போகிறேன், நீ திட்டுவதையெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். இரு. அது போதும்.

இப்படிக்கு,
உன் அவசரக்குடுக்கை