இரண்டாவது சீட்டு

மார்ச் 4, திங்கள்

மூன்று நாளாக நீர்க்கடுப்பு. பாத்ரூம் போனால் கண்ணில் தண்ணீர் வந்துவிடுகிறது. மனைவி ஒரு சொம்புத் தண்ணீரை என் முன்னால் வைத்து, "ஊர்ல இருக்கிற லிஃப்டுக்கெல்லாம் எண்ணெய் போடத் தெரியுது, சொந்த உடம்புக்குத் தண்ணி ஊத்தத் தெரியலை" என்றாள். சிரித்துவைத்தேன். உடம்புச் சூடுதான், வேறொன்றும் இருக்காது.

மார்ச் 9, சனி

சூடு இல்லை. உள்ளாடையில் கறை.

இங்கே யாரிடம் மறைக்க, எழுதிவிடுகிறேன். போன மாதம் வெளியூரில் ஒரு ஹோட்டலுக்கு லிஃப்ட் பொருத்தப் போயிருந்தபோது, அங்கே வரவேற்பறையில் வேலை பார்த்தவளோடு. மூன்று தடவை. காதல் கீதல் ஒன்றும் இல்லை. நான் அடித்த ஜோக்குக்குச் சிரித்தாள், அவ்வளவுதான். நாலு வருஷக் கல்யாண வாழ்க்கை அதற்காகவா?

மார்ச் 12, செவ்வாய்

தெரிந்த முகம் எதுவும் இருக்கக் கூடாதென்று இரண்டு பஸ் மாறி ஒரு கிளினிக்குக்குப் போனேன். நர்ஸுக்கு என் அக்கா வயது இருக்கும். சிறுநீர்க் குப்பியைக் கையில் கொடுத்து, "முதல்ல வர்றதையே பிடிங்க" என்றார். தரையைப் பார்த்தபடி வாங்கிக்கொண்டேன். "எதுக்குத் தம்பி தலையைக் குனியறீங்க? இன்னிக்கு நீங்க பதினோராவது ஆள்."

ஆறுதலுக்காகத்தான் சொன்னார். எனக்கு அந்தப் பத்துப் பேர் வீட்டிலும் இருக்கும் பெண்கள்தான் நினைவுக்கு வந்தார்கள்.

மார்ச் 15, வெள்ளி

இருக்கிறது. கிளமிடியா. பேரைக் கேட்டால் ஏதோ பூச்செடி மாதிரி இருக்கிறது. ஏழு நாள் மாத்திரை சாப்பிட்டால் போய்விடுமாம். அப்பாடா என்று எழுந்தேன். நர்ஸ் உட்காரச் சொல்லி இரண்டாவதாக ஒரு சீட்டை நீட்டினார்.

"இது உங்க வீட்டம்மாவுக்கு. அவங்களையும் கூட்டிட்டு வாங்க. வலி, எரிச்சல் ஒண்ணும் தெரியாமலே உள்ள இருக்கும். விட்டுட்டா கருக்குழாயை அடைச்சிடும். குழந்தை இருக்கா?"

இல்லை என்றேன். இரண்டு வருஷமாக அதற்காகத்தான் தவம் கிடக்கிறோம் என்று சொல்லவில்லை.

"அப்ப இன்னிக்கே சொல்லிடுங்க."

மார்ச் 16, சனி

சொல்லவில்லை.

மார்ச் 17, ஞாயிறு

அவள் குளிக்கப் போனபோது சீட்டை அவளுடைய சீப்புக்கு அடியில் வைத்தேன். அவளே படித்துக்கொள்ளட்டும். கத்தட்டும். பெட்டியைக் கட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போகட்டும். குழாய்ச் சத்தம் நின்றது. ஓடிப்போய் எடுத்துவிட்டேன்.

சீ.

மார்ச் 25, திங்கள்

மாத்திரை முடிந்து எரிச்சலும் போய்விட்டது. இன்று ஒரு குடியிருப்பில் லிஃப்ட் பிரேக்கில் லேசாகச் சத்தம். செயலாளர், "நாளைக்குப் பாத்துக்கலாமே, எட்டு மாடி யார் ஏறுறது?" என்று கெஞ்சினார். முடியவே முடியாது என்று நிறுத்தி, எல்லா மாடியிலும் 'பழுது' பலகை மாட்டிவிட்டுத்தான் கிளம்பினேன். வேலையில் நான் கறார் பேர்வழி. எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

ஏப்ரல் 7, ஞாயிறு

மூன்று வாரமாக முதுகுவலி என்று சொல்லித் தள்ளிப் படுத்தேன். நேற்று காலண்டரைக் காட்டி, "இன்னிக்கு விட்டா அடுத்த மாசந்தாங்க" என்றாள். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன். அழுதாள். "என்னைப் பிடிக்காமப் போயிடுச்சா?"

பிடிக்கும் என்று எப்படி நிரூபிப்பது? நிரூபித்தேன். இப்படியும் ஒரு மனுஷன் உண்டா?

மே 21, செவ்வாய்

ஒரு லிஃப்ட் குழியைச் சுத்தம் செய்ய இறங்கினேன். மேலேயிருந்து தவறி விழுந்த சாவி, ஒற்றைச் செருப்பு, குழந்தைகளின் சாக்ஸ். சட்டைப் பையிலேயே கிடந்த சீட்டைக் கிழித்து அந்தக் குப்பையோடு சேர்த்து அள்ளினேன். இனிமேல் சொல்வதென்றால் வாயைத் திறந்துதான் சொல்ல வேண்டும். அதாவது, சொல்லப்போவதில்லை.

ஆகஸ்ட் 8, வியாழன்

அவளுக்கு அடிவயிற்றில் விட்டு விட்டு வலி. தான் வேலை பார்க்கும் கம்பெனியில் பெட்டி தூக்கியதால் இருக்கும் என்கிறாள். இருக்கும் என்றேன்.

நவம்பர் 13, புதன்

குழந்தைக்காகப் போன ஆஸ்பத்திரியில் அவளுக்குக் கருக்குழாயைப் படம் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். "கூட வர்றீங்களா? எனக்குப் பயமா இருக்கு" என்றாள். லீவு சொல்லியிருக்கிறேன்.

நவம்பர் 20, புதன்

இரண்டு பக்கமும் அடைப்பு.

ஏதோ கிருமித் தொற்று வந்து போன தழும்பாம். "எப்ப வந்துது, எங்கேர்ந்து வந்துதுன்னு இப்ப சொல்ல முடியாதும்மா" என்ற டாக்டர், என் பக்கம் திரும்பினார். "நீங்க எப்பவாவது இதுக்கெல்லாம் டெஸ்ட் எடுத்திருக்கீங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் இவள் முந்திக்கொண்டாள். "அவர்கிட்ட ஒரு குறையும் இல்ல டாக்டர்."

டாக்டர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இல்லை என்று தலையாட்டினேன்.

பஸ்ஸில் வெகுநேரம் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே வந்தாள். பிறகு என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "உங்களுக்கு ஒரு புள்ளையைக் கொடுக்க முடியாத உடம்பாப் போயிடுச்சு. என்னை மன்னிச்சிடுங்க."

"அழாத. மன்னிச்சிட்டேன்" என்றேன்.