குறைகளைச் சொல்லி விற்ற வீடு

அன்புள்ள அண்ணே,

இந்த அரையாண்டின் வீட்டு வரி ரசீது மேசைமேல் இருக்கிறது. உங்கள் பெயர் இருந்த இடத்தில் இப்போது என் பெயர். பார்த்ததும் உங்களுக்கு எழுதத் தோன்றியது. கோர்வையாக எழுத வருமோ என்ற பயத்தில் முதலில் வரிசைப்படுத்திக்கொள்கிறேன்.

1. வீட்டை நீங்கள் காட்டிய விதம்.
2. நான் சந்தேகப்பட்டது.
3. நீங்கள் என்னிடம் எதையும் மறைக்கவில்லை என்பது.

நம் மலையூர் பண்ணைக்காட்டில் வீடு விற்கிறவர்கள் வெயில் நாளாகப் பார்த்து மிளகுக்கொடியைக் காட்டுவார்கள். நீங்கள் அடைமழையில் வரச்சொன்னீர்கள். நான் குடையை மடக்குவதற்குள் தொடங்கிவிட்டீர்கள். "பின் ரூம் பொறவு கட்டுனது சார், வரியில ஏறல. அளந்தாங்கன்னா வரி கூடும், பாக்கியும் சேரும். இந்தத் தடுப்புச் சுவரு வயிறு தள்ளி நிக்குது. லாரி எறங்காது, கல்லு, மணல் எல்லாம் தலைச்சுமைதான்."

உள்ளேயிருந்து மதினி குரல் கொடுத்தார்: "வீட்டை விக்கிறீங்களா, வந்தவரை வெரட்டுறீங்களா?"

எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். மாறாக, இத்தனை குறை சொல்பவர் இதைவிடப் பெரிய ஒன்றை மறைக்கிறார் என்று நினைத்தேன். முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம், பெயர் மாற்றம் என்று பட்டியல் போட்டேன். வில்லங்கச் சான்றை மூன்று முறை படித்தேன். பேரூராட்சி அலுவலகத்துக்கு நடையாய் நடந்தேன். இரண்டு மாதம் போயிற்று. "நிதானமாப் பாருங்க சார், வீடு எங்க ஓடப்போகுது" என்றீர்கள்.

இதுவரை எழுதியபோது, வீட்டை விற்றபின் நீங்கள் குடிபோன கீழ்வீட்டிலிருந்து மதினி வந்தார். நீங்கள் காலமான பிறகு இன்றுதான் படியேறியிருக்கிறார். ரசீதை இடது கண்ணருகே வைத்துப் பார்த்தார். மூன்றாவது குறிப்பைப் படித்துக் காட்டினேன்.

"ஒண்ணை மறைச்சாரு சார். என் கண்ணு ஆபரேஷனுக்குத்தான் வீட்டை வித்தது. வெரசா வரணும்னு மதுரை டாக்டரு சொல்லியிருந்தாரு. சார்கிட்டச் சொல்வமான்னு கேட்டேன். 'சொன்னா பாவப்பட்டு, பாக்காமக் கையெழுத்துப் போட்டுருவாரு. ஆயுசுக்கும் சேத்த காசு, பாக்கட்டும்'னுட்டாரு."

"வேறு யாரும் வரவில்லையா?"

"வந்தவுக எல்லாம் அவரு பேச்சைக் கேட்டு ஓடிட்டாக. நீங்க ஒருத்தருதான் நின்னீங்க." சிரித்தார். "நாங்க மதுரைக்குப் போகையில வலது கண்ணு போயிருச்சு."

வயதால் போன பார்வை என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

அவர் கிளம்பினார். படிக்கு வலப்பக்கம் பள்ளம். அந்தப் பக்கமாகவே நடந்து அவரைக் கீழே விட்டுவிட்டு வந்தேன். இனி எப்போதும் அந்தப் பக்கந்தான் நடப்பேன்.

மூன்றாவது குறிப்பு தவறு, அண்ணே.