கலா அழித்த சாம்பல் பட்டை

செப்டம்பர் 18, வியாழன். அரூர்.

ஓவியர்களும் விஞ்ஞானிகளும் சேர்ந்து போன ஆர்க்டிக் கப்பலில் என் அறையில் இருந்தவள் கலா. அங்கே நான் அளந்த கடல் வெப்பத்தின் கிராஃபை, தருமபுரி கண்காட்சிக்காகப் பெரிதாகத் தீட்டி இன்று போனில் அனுப்பினாள். கோட்டின் இருபுறமும் இருந்த சாம்பல் நிறப் பட்டையைக் காணோம். என் அளவு எவ்வளவு தவறியிருக்கலாம் என்று சொல்வதே அந்தப் பட்டைதான். கூப்பிட்டுக் கேட்டேன்.

"கறை மாதிரி இருந்துச்சுங்க அக்கா, எடுத்துட்டேன்."

"அப்ப என் பேரையும் எடுத்துடு."

"பட்டையோட வெச்சா யாருங்க அக்கா நின்னு பாப்பாங்க?"

போனை வைத்துவிட்டேன். போன வாரம் கல்லூரியில் பட்டையோடுதான் காட்டினேன். பிள்ளைகள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

படம் அழகாகத்தான் இருக்கிறது. கோடு அவ்வளவு உறுதியாக மேலே ஏறுகிறது. அவ்வளவு உறுதியாக எனக்கு எதுவுமே தெரியாது.