படகு ஏன் இன்னும் கிளம்பல

ஏ வாயாடி, என்னம்மா செய்யுற, சாப்பிட்டியா, அந்த ஊர்க் குளிருக்குக் காதை மூடிக்கிட்டுத்தான வெளிய போற? இங்க நாங்க ரெண்டு பேரும் நல்லா இருக்கோம். என் முட்டி மட்டும், உக்காந்தா எந்திரிக்க விடல, எந்திரிச்சா உக்கார விடல. எனக்கு எழுத்து வராதுன்னு உனக்குத் தெரியும், நான் சொல்லச் சொல்ல உங்கம்மாதான் எழுதுறா. அதனால இதுல என்னைப் பத்திப் பெருமையா ஏதாவது இருந்தா நான் சொன்னது, குறையா இருந்தா அவ சேத்தது.

விஷயத்துக்கு வரேன். வாரா வாரம் நீ உன் கதையில பத்துப் பக்கம் தபால்ல அனுப்புவ, தினமும் சாயங்காலம் நான் வேலை விட்டு வந்ததும் உங்கம்மா வாசிப்பா, நான் கேப்பேன். அந்தப் பொண்ணு பெட்டியத் தூக்கிக்கிட்டு வீட்ட விட்டுப் படகுத்துறைக்கு வந்தா பாரு, அதுல இருந்து எனக்குச் சோறு இறங்கல. ஏறுனாளா ஏறுனாளான்னு கேட்டா, மொத நாள் ஆத்துல தண்ணி இல்லன்னு வாசிச்சா. மறுநாள் படகுக்காரனுக்குக் காய்ச்சல். அப்புறம் படகுல ஓட்டை, ஓட்டைய அடைக்கிறவன் மச்சினன் வீட்டுக்குப் போயிட்டான். நம்ம பிள்ளை இப்படி இழுக்க மாட்டாளேன்னு தோணுச்சு, ஆனாலும் வாயப் பொளந்து கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். முந்தாநாள் அந்தப் பொண்ணு படகுக்காரனப் பாத்து, ஈரத் துண்டக் கட்டில்ல போடாதன்னு எத்தனை தடவை சொல்றதுன்னு திட்டுறா. ஆத்தங்கரையில ஏதுடி கட்டில்னு கேட்டேன். அன்னைக்குக் காலையில நான் வாங்குன திட்டு அது, இன்னும் சூடு ஆறல. அவ கையில இருந்த தாளப் பிடுங்கிப் பாத்தா அடுப்புப் படம் போட்டிருக்கு. புது அடுப்புப் பெட்டிக்குள்ள வந்த குறிப்புத்தாள வச்சுக்கிட்டு மூணு வாரமா எனக்குக் கதை வாசிச்சிருக்கா.

அப்புறம்தான் எல்லாத்தையும் சொன்னா. வருசக் கடைசிக்குள்ள முந்நூறு பக்கம்னு நாள் குறிச்சியாம், தொண்ணூறுலயே நிக்குதாம், இனி எழுதி என்ன ஆகப்போகுது, விட்டுடுறேன்னு போன்ல அழுதியாம். அப்பாகிட்ட சொல்லாதன்னும் சொன்னியாம். ஏன்டி, நான் உனக்கு அப்பனா, மேஸ்திரியா?

நீ பொறக்குறதுக்கு முந்தி ஒரு ஆஸ்பத்திரி நடையில டைல்ஸ் பதிச்சேன். சொன்ன தேதிக்கு எட்டு நாள் பிந்திட்டேன். எங்க வேலையில குத்தவச்சபடியே பின்னாடி நகந்து நகந்து வாசலுக்கு வரணும், போட்டது கண்ணு முன்னாடி இருக்கும், போடாதது முதுகுக்குப் பின்னாடி. நான் என்ன பண்ணேன், இன்னும் எவ்வளவு கெடக்குன்னு நிமிசத்துக்கு ஒருதரம் திரும்பிப் பாத்தேன். திரும்பும்போது கைய ஊனணுமில்ல, ஈரம் காயாத டைல்ஸ் மேலயே ஊனி நாலு அமுங்கிப் போச்சு. பேத்துட்டு மறுபடி போட்டேன். எட்டு நாள் பிந்துனது திரும்பிப் பாத்தே ஒம்பதாச்சு. அங்க ஒரு நர்ஸம்மா இருந்தாங்க, தினமும் அந்த வழியாத்தான் வருவாங்க, சிரிச்சாங்கன்னா... சரி அது வேற கதை, உங்கம்மா பேனாவ மூடிட்டா.

நீயா வச்ச தேதிதான, நீயே தள்ளி வை. முந்நூறெல்லாம் யாரு கேட்டா? நாளைக்கு அரைப் பக்கம் எழுது. நல்லா இல்லாட்டியும் அனுப்பு, ஈரத் துண்டையே கேட்டவன் நான், எதையும் தாங்குவேன். மத்தபடி நேரத்துக்குச் சாப்பிடு, கண்ணக் கெடுத்துக்காத, ஒரு குறையும் இல்லாம நூறு வயசு இருப்ப. மறந்துடாத, அரைப் பக்கம். அந்தப் பொண்ணு அக்கரையில இறங்குனதும் மொதல்ல

வாசல்ல மேஸ்திரி சத்தம் கொடுத்தாரும்மா, உங்கப்பா பாதிப் பேச்சுல எந்திரிச்சுப் போயிட்டாரு. அவர் வர்றதுக்குள்ள நான் ஒன்னு எழுதிடுறேன். என்கிட்ட கதை தீந்து போச்சு, அதான் நான் படகுல ஓட்டை போட்டேன்னு அவர் நெனச்சுக்கிட்டிருக்காரு. இன்னைக்கு அந்தப் பொண்ணப் படகுல ஏத்தி விட்டுடணும்னுதான் தினமும் நான் வாயத் தொறப்பேன். உன்னை வண்டி ஏத்தி விட்டுட்டு வந்தவம்மா நான், இன்னொருத்திய ஏத்த எனக்கு வாய் வரல. நீ ஏறிப் போனவ. அக்கரை எப்படி இருக்கும்னு உனக்குத்தான் தெரியும். சீக்கிரம் அவள ஏத்தி விடு.

அம்மா